பூக்காத அவரை: ஒரு தோட்டத்துண்டின் வரலாறு

2005ஆம் ஆண்டு யூலை மாதம். ஒஸ்லோவில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்துண்டின் மூலையில் அம்மா ஒரு பந்தல் போட்டிருந்தார். பக்கத்துத் துண்டுக்காரியான நோர்வேஜிய மூதாட்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊதா நிறத் தண்டு, ஊதா ஓடிய இலை நரம்புகள், தலைக்கு மேலே ஏறிப் பந்தலை மூடிய கொடி. “இவ்வளவு அழகான அலங்காரச் செடியை எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டார். அது அவரை, நாங்கள் கறி வைக்கிற காய் என்றேன். “அப்படியானால் காய் எப்போது வரும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். “பூத்தால்தானே காய்க்கிறதுக்கு” என்றார் அம்மா.

அந்த வருடம் அது பூக்கவில்லை. முந்திய வருடமும் பூக்கவில்லை. ஒக்ரோபரில் விழுந்த முதல் உறைபனியோடு ஒரே இரவில் கறுத்துச் சரிந்தது.

இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே பல காலம் நண்பர்களுக்குச் சொல்லி வந்தேன். பின்னர்தான் அதற்குள் ஒரு கேள்வி இருப்பதாகப் பட்டது. எமது புகலிட எழுத்துக்களில் செடி கொடிகளுக்குப் பஞ்சமில்லை. வேரோடு பிடுங்கப்பட்ட மரம், வேற்று மண்ணில் நட்ட நாற்று, பனியில் கருகிய துளிர் என்று எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுதித் தள்ளியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் உண்மையான ஒரு செடி உண்மையான ஒரு அந்நிய மண்ணில் என்ன செய்கிறது என்று நாம் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எமது தாய்மாரும் மனைவிமாரும். அவர்கள் எழுதவில்லை. நாம் அவர்களிடம் கேட்கவுமில்லை.

தோட்டத்துண்டு வந்த வழி

ஒஸ்லோவில் தோட்டத்துண்டு என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகத் தோன்றியதல்ல. நெருக்கமான அடுக்குமாடிகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு பிடி மண்ணும் கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும் என்ற எண்ணத்தில், ஜேர்மனி, டென்மார்க் முன்மாதிரிகளைப் பின்பற்றி, 1907இல் ரூடலொக்கன் தோட்டக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. 1909இல் கெய்த்மீராவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான தோட்டம் வந்தது. 1940 முதல் 1945 வரை நாஜி ஆக்கிரமிப்பில் உணவு தட்டுப்பட்டபோது நகரத்தின் புல்வெளிகள்கூட உருளைக்கிழங்குப் பாத்திகளாயின. அக்காலத்தில் வீட்டுத் தோட்டங்களில் இன்னொரு செடியும் பரவலாக வளர்ந்தது. அது புகையிலை. கடையில் கிடைக்காததால் நோர்வேஜியர் தாமே நட்டு, தாமே உலர்த்திப் புகைத்தனர். யாழ்ப்பாணத்தான் ஒருவன் அன்று ஒஸ்லோவுக்கு வந்திருந்தால், தன் ஊர்த் தோட்டத்தின் பிரதான பயிரை அங்கு கண்டிருப்பான்.

எமது சனங்களில் ஒரு பகுதியினர் நாட்டுப்புற உயர்கல்விக் கூடங்கள் வழியாகவும், பெருந்தொகையினர் அகதிகளாகவும் எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்தனர். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் பலர் தொண்ணூறுகளில் ஒஸ்லோவுக்கு இறங்கினர். அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். 1998இல் அம்மா வந்தார். வரும்போது ஒரு பழைய லக்ஸ்பிறேப் பால்மாப் பையில் அவரை, பாகல், புடோல், வெண்டி, கத்தரி, முளைக்கீரை விதைகள் கொண்டுவந்தார். மாடிவீட்டு யன்னலோரத்தில் சில வருடங்கள் சட்டியில் போட்டுப் பார்த்தார். 2004இல் துண்டு கிடைத்தது.

முளைக்கீரை வந்தது. கத்தரி பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் நாலு காய் தந்தது. பாகல் பிஞ்சோடு நின்றது. புடோல் கொடி நீண்டதேயன்றி, பஞ்சு நூல் பிரிந்ததுபோன்ற அதன் வெள்ளைப் பூவை ஓரிரு தடவைதான் கண்டோம். இரவில் விரிகிற பூ அது. யூன் மாதத்து ஒஸ்லோவில் இரவுக்கு எங்கே போவது? எல்லாவற்றிலும் செழித்து வளர்ந்தது அவரைதான். ஆனால் பூக்காமல் நின்றதும் அதுவேதான்.

தொய்யனில் ஒரு பேராசிரியர்

நகரின் கிழக்கே, குடியேறிகள் நிறையப் பேர் வாழும் தொய்யன் பகுதியில், 1814இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்கா இருக்கிறது. எம்மவர் பலர் அதற்குள் பிள்ளைகளின் தள்ளுவண்டியோடு நடந்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே பிரெடெரிக் கிறிஸ்தியன் ஷூபெலர் என்ற தாவரவியலாளர் (1815–1892) ஒரு பெருவேலை செய்தார். எந்தச் செடியும் இந்நாட்டில் எவ்வளவு வடக்கே வளரும் என்று கண்டுபிடிப்பதே அவருடைய நோக்கம். தென்னாடுகளிலிருந்து விதை வருவித்து விதைத்தார். நாட்டின் பல பாகங்களுக்கும் விதை அனுப்பினார். விதைத்த நாள், பூத்த நாள், முற்றிய நாள் என்று தகவல் திரட்டினார். 1862இல் நோர்வேயின் பயிர்ச்செடிகள் பற்றி ஜேர்மன் மொழியில் நூல் வெளியிட்டார். 1885க்கும் 1889க்கும் இடையில் ‘விரிடாரியம் நோர்வேஜிகும்’ என்ற பெருநூலை வெளியிட்டார்.

இந்த உழைப்பிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தெற்கிலிருந்து வடக்கே வரும் செடி, கோடையின் நீண்ட வெளிச்சத்தால் மாறுகிறது. விதை பெருக்கிறது, பூவின் நிறம் அடர்கிறது, வாசம் கூடுகிறது, முற்றும் காலம் சுருங்குகிறது. அந்த மாற்றம் விதையிலும் தங்கி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஜேர்மனியிலிருந்து வருவித்த சோளனை அவர் உதாரணம் காட்டினார். 1852இல் முற்றுவதற்கு 120 நாள் எடுத்தது, ஐந்து வருடங்களில் 90 நாளில் முற்றியதாம்.

இக்கருத்தில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. வந்து சேர்ந்த நாடு வந்தவனை மேம்படுத்துகிறது என்பதே அதன் சாரம். அவருக்குப் பின் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற நூர்டால் வில்லே 1905இல் இதை மறுத்து எழுதினார். ஒவ்வொரு ஆண்டின் வெப்பமும் வேறுபடுகிறது. சூடான கோடையில் சோளன் சீக்கிரம் முற்றும். அதை வைத்துக்கொண்டு செடியின் பிறவிக்குணமே மாறிவிட்டதென்று சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. ஷூபெலரின் ‘விதி’ அத்தோடு ஆட்டங்கண்டது.

ஷூபெலரை நான் கேலி செய்ய வரவில்லை. வெளிச்சத்தின் நீளம் செடியை ஆள்கிறது என்று அவர் ஊகித்தது வீண்போகவில்லை. அது எவ்வாறு ஆள்கிறது என்பதில்தான் தவறினார். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு செடி வேண்டியிருந்தது.

கொட்டிலுக்குள் வைத்த புகையிலை

அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அருகே அரசாங்கப் பரிசோதனைத் தோட்டமொன்றில் கார்னர், அலார்ட் என்ற இருவர் ஒரு புகையிலை இனத்தோடு மல்லுக்கட்டினர். கோடை முழுவதும் அது ஆள் உயரத்துக்கு மேல் இலை இலையாக வளர்ந்தது. பூக்கவில்லை. மாரியில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தபோது சிறு செடியாய் இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், பசளை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தனர். கடைசியில், கோடையிலேயே மாலை நேரத்தில் செடிகளை இருட்டுக் கொட்டிலுக்குள் தள்ளி, பகலைச் செயற்கையாகக் குறுக்கினர். பூத்தது. 1920இல் இம்முடிவை வெளியிட்டனர். சில செடிகள் பகல் குறுகினால்தான் பூக்கும், சில நீண்டால்தான் பூக்கும், சிலவற்றுக்கு அது பொருட்டேயில்லை.

எமது அவரையின் பழைய கொடி இனங்கள் முதல் வகை. இதை ஆய்வுகூடம் இல்லாமலே அறிந்தவர்கள் எமது முன்னோர். குறுந்தொகையின் 82ஆவது பாட்டில், தினை அறுத்த தாளில் அவரை பூப்பது முன்பனிக் காலத்தின் அடையாளமாக வருகிறது. அக்காலத்திலும் திரும்பி வராதவனைப் பற்றித் தலைவி தோழியிடம் நோகிறாள். எமது ஊரிலும் மார்கழி தையில்தான் அவரைப் பந்தல் பூத்துக் குலுங்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டாது. ஒஸ்லோவில் யூன் மாதப் பகல் ஏறக்குறைய பத்தொன்பது மணித்தியாலம். இங்கு பகல் பன்னிரண்டு மணித்தியாலமாகக் குறைவது செப்ரெம்பர் கடைசியில். அப்போதுதான் அவரைக்குப் பூக்கும் நினைவு வருகிறது. அதற்குள் பனி வந்துவிடுகிறது.

எனவே அம்மாவின் பந்தலில் மண்ணுக்குக் குறையில்லை, வேருக்கும் குறையில்லை. வேர்கள் நன்றாகவே ஊன்றியிருந்தன. செடி வாடவுமில்லை. பார்ப்பவர் வியக்கும்படி வளர்ந்தது. அதனுள் இருந்த மணிக்கூடு வேறு ஊருடையது, அவ்வளவுதான். ‘வேரறுந்தவர்கள்’ என்று நாம் எழுதியபோது இப்படி ஒரு நிலை இருக்கலாம் என்று எமக்குத் தோன்றவில்லை.

எது எமது காய்?

இவ்விடத்தில் ஒருவர் கேட்கலாம். ஊர்ச் செடியை ஊரில் விட்டுவிட்டு இங்கத்தைய உருளைக்கிழங்கை நட்டால் என்ன?

உருளைக்கிழங்கின் கதையைப் பார்ப்போம். அது தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில், பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாயிருக்கும் பிரதேசத்தில் பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தபோது தாவரவியலாளரின் தோட்டங்களில் ஒரு புதினச் செடியாக நின்றது. கோடையில் இலையும் பூவும் தரும், ஆனால் கிழங்கு வைப்பது பகல் குறுகிய பின்னர்தான். அம்மாவின் அவரைக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. முந்திக் கிழங்கு வைத்த செடிகளைத் தலைமுறை தலைமுறையாக மனிதர் தெரிந்தெடுத்ததால்தான் அது வடக்கின் பயிராயிற்று. நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கச் செய்யும் மரபணு மாற்றத்தை 2013இல் வெளியான ஓர் ஆய்வு இனங்கண்டது. நோர்வேயில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபின்னோஸ் ஊர்ப் பாதிரியார் பேதர் ஹார்போ ஹெர்ட்ஸ்பெர்க் போன்றவர்கள் கமக்காரருக்கு இதைப் பயிரிடக் கற்பித்தனர். அவர்களை இன்றும் ‘உருளைக்கிழங்குப் பாதிரிகள்’ என்றே அழைக்கிறார்கள். 1807க்கும் 1814க்கும் இடையில் பிரித்தானிய முற்றுகையால் தானியம் வராமல் பஞ்சம் வந்தபோதுதான் அது பரவலாக வேரூன்றியது. பாதிரியின் பிரசங்கத்தைவிடப் பசி வலிமையாகப் பேசியது.

எமது பக்கத்தையும் பார்ப்போம். மிளகாய் இல்லாத யாழ்ப்பாணக் கறியை நினைத்துப் பார்க்க முடியுமா? மிளகாயும் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்தவை, ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. மிளகின் இடத்தைப் பிடித்ததால் ‘மிளகாய்’ ஆயிற்று. பெயரிலேயே வந்தேறி என்ற முத்திரை இருந்தும் யாரும் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்குப் போய்ப் பணமாக வந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றும் யாழ்ப்பாணக் கமக்காரனை நிமிர்த்தின. திறந்த பொருளாதாரம் வந்ததும் அவன் மீண்டும் குனிந்தான். ஏன், சங்கப் பாட்டில் பூத்த அவரையின் காட்டு இனங்களையே தாவரவியலாளர்கள் ஆபிரிக்காவில்தான் காண்கிறார்கள். ஆக, ‘எமது காய்’ என்பது பழைய விருந்தாளி. புதிய விருந்தாளியை நாம் ‘புதினச் செடி’ என்கிறோம்.

ஒரு பனையும் ஒரு பட்டியலும்

இதைக் கேட்டுவிட்டு, எந்தச் செடியையும் எங்கும் நடலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் வடக்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த முதற் கோடையில் ஒருவர் “இங்கேயும் பனை இருக்கிறது, வந்து பார்” என்றார். ஆவலோடு போனேன். வீதியோரத்தில் ஆளை மறைக்கும் உயரத்தில், குடை விரித்ததுபோல் வெள்ளைப் பூவோடு தடித்த பச்சைத் தண்டுகள் நின்றன. அதற்குத் ‘துரொம்சோப் பனை’ என்று பெயர். பனைக்கும் அதற்கும் ஒரு உறவுமில்லை. பாரசீகப் பக்கத்துச் செடி. 1830களில் இங்கிலாந்து வழியாக வட நோர்வேக்கு அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. நகரத்தின் சின்னம்போல ஆகிவிட்டது. ஆனால் அதன் பால் பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகும். படர்ந்த இடத்தில் வேறெதையும் வளர விடாது. அந்நிய இனங்களின் பட்டியலில் அது இன்று மிக ஆபத்தான பிரிவில் இருக்கிறது. 2016 முதல் நடைமுறையிலுள்ள சட்டவிதி இத்தகைய பல செடிகளை விற்கவும் நடவும் தடைசெய்கிறது.

‘அந்நிய இனம்’, ‘கறுப்புப் பட்டியல்’ என்ற சொற்களைப் பத்திரிகையில் காணும்போது எம்மில் பலருக்கு உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சம் நியாயமானது. அதே சொற்கள் மனிதருக்கும் பாவிக்கப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். எனினும் அந்தக் கோபத்தைச் செடிப் பட்டியலின்மேல் காட்டுவது பிழை. ஒரு களை ஆற்றங்கரையை அழிப்பது தாவரவியல் உண்மை. மனிதக் கூட்டமொன்றை அக்களையோடு ஒப்பிடுவது அரசியல் பொய். நாம் இங்கே எச்சரிக்கையாயிருக்க வேண்டிய காரணம் ஒன்றுண்டு. செடி உவமையை எமக்குச் சாதகமாக நாமே பாவித்துவிட்டு, பிறர் எமக்கெதிராகப் பாவிக்கும்போது மட்டும் அது செல்லாது என்று சொல்ல முடியாது.

குழாயடியில்

இனி அவரைக்குத் திரும்புவோம். எமது தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டு. வரிசையில் பெயர் பதிந்தவருக்கு முறைப்படி கிடைக்கும். நாலைந்து துண்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். இச்சிறு விடயத்தை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எல்லோரும் அள்ள முடியாது. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வருமுன் அக்கிணற்றில் துலா மிதித்தவர்கள், தாகத்துக்கு அதே தண்ணீரைக் கையேந்திக் குடித்தார்கள். செம்மண் தோட்டங்களைப் பற்றி நாம் எழுதும் ஏக்கக் கவிதைகளில் அந்தக் கைகள் இல்லை.

2007இல் எங்கள் குழாயைப் பாவிக்கும் இன்னொரு துண்டை ஒரு தமிழர் எடுத்தார். வடிவாக மண் கொத்துவார். அம்மா முதல் நாளே கேட்டுவிட்டார்: “தம்பி எந்த ஊர்?” அவர் எங்கள் அயலூரின் பெயரைச் சொன்னார். அம்மா அடுத்த கேள்வியைக் கேட்குமுன் சிரித்துக்கொண்டே, “நீங்கள் நினைக்கிற பக்கம்தான் அம்மா” என்றார். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் பேசாமல் நின்றேன். சஞ்சிகைகளில் சாதியத்துக்கு எதிராகப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

அவ்வருடம் ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவருடைய அவரை பூத்தது. எங்களுடையது வழக்கம்போல இலையாய் நின்றது. அம்மா இரண்டு நாள் தூர நின்று பார்த்தார். மூன்றாம் நாள் போய், “என்ன செய்தனீ தம்பி?” என்று கேட்டார். மந்திரம் ஒன்றுமில்லை. அவர் வேறு நகரத்தில் இருந்தபோதே பலரிடமும் விதை வாங்கிக் கலந்து போட்டிருக்கிறார். பெரும்பாலானவை பூக்கவில்லை. முந்திப் பூத்த ஓரிரண்டைச் சட்டியோடு வீட்டுக்குள் எடுத்து முற்றவிட்டு, அதன் விதையை மாத்திரம் அடுத்த வருடம் போட்டிருக்கிறார். பத்து வருடம் இப்படி. ஷூபெலர் நம்பியதுபோல நோர்வேயின் வெளிச்சம் அந்த அவரையை மாற்றவில்லை. வில்லே வாதிட்டதுபோல நல்ல கோடையால் மாத்திரம் வந்ததுமல்ல. கலந்த விதையில் ஏற்கெனவே இருந்த வேறுபாட்டிலிருந்து ஒரு கை தெரிந்தெடுத்தது. அந்தக் கை எங்கள் வகுப்பு என்றைக்கும் அறிவாளியின் கை என்று எண்ணாத கை.

அம்மா விதை கேட்டு வாங்கினார். அவர் வீட்டில் தேநீர் குடித்தாரா என்றால் அதற்கு இன்னும் மூன்று வருடம் எடுத்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மாற்றத்துக்கு எவ்வளவு காலம் என்பதை அழகுபடுத்திச் சொல்லக் கூடாது.

2019இல் அம்மா காலமானார். ஊரில் 1990இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன தோட்டங்களோடு எத்தனை விதை இனங்கள் அழிந்தன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஷூபெலரின் முடிவு தவறியது. ஆனால் அவர் குறித்துவைத்த நாட்கள் இருந்ததால்தான் வில்லேயால் அதை மறுக்க முடிந்தது. எம்மிடம் மறுப்பதற்குக்கூட ஒரு குறிப்பில்லை. அம்மா எந்த விதையை எப்போது போட்டார் என்பது எனக்குத் தெரியாது. இப்போது நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். விதை யாரிடமிருந்து வந்தது, போட்ட நாள், பூத்த நாள், காய் எத்தனை. போன வருடம் ஏப்ரல் 14இல் வீட்டுக்குள் போட்டது ஓகஸ்ட் 9இல் பூத்தது. இரண்டு கறிக்குக் காய்த்தது. பக்கத்துத் துண்டு மூதாட்டிக்கு ஆறு விதை கொடுத்தேன், நாளைக் குறித்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இச்சஞ்சிகையின் வாசகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உங்கள் வீடுகளில் யாராவது ஒருவர் எதையோ நட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். செடி புதிய இடத்தில் வாழ்வதற்கு மண் மாத்திரம் போதாது, அதைத் தெரிந்தெடுத்துக் காப்பாற்றும் கை வேண்டும் என்பது என் துண்டில் நான் கண்டது. அது அவரைக்குப் பொருந்தும். எமக்குப் பொருந்துமா, எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நாம் விவாதிக்கலாம்.